சாமி பயம் இல்லாத பிள்ளைக்கு இரக்கம் எங்கிருந்து வரும்?

பாளையங்கோட்டையில் வசிக்கும் ஓர் இளந்தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய மாமியார் செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் கோயிலுக்குச் செல்பவர். கணவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஏழு வயது மகள் சாமி கும்பிடாமல் வளர்வதைப் பார்த்து, "சாமி பயம் இல்லாத பிள்ளைக்கு இரக்கம் எங்கேயிருந்து வரும்?" என்று மாமியார் வருந்துகிறார். மனிதரைப் பிரித்து வைத்ததே மதம்தான், அது அண்டாத பிள்ளைதான் எல்லோரிடமும் அன்பாக இருக்கும் என்கிறார் கணவர். நம்பிக்கை உள்ளவர்களா, இல்லாதவர்களா, யார் இரக்கம் மிகுந்தவர்கள் என்று அந்தத் தாய் என்னிடம் கேட்டிருக்கிறார். அவருக்கே எழுதும் பதில் இது.

நான் கல்லூரியில் உளவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு, இங்குள்ள ஒரு பெரிய மருத்துவமனையில் உடனிருந்து பார்த்துக்கொள்ள ஆளில்லாத நோயாளிகளின் வார்டுக்கு வாரம் இரண்டு நாள் போய் வருகிறேன். படித்ததையும் பார்த்ததையும் சேர்த்து யோசித்ததில் எனக்குத் தெளிவானது இதுதான்: கடவுள் நம்பிக்கை இரக்கத்தை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருக்கும் இரக்கத்துக்கு ஒரு நாளையும் ஒரு பாத்திரத்தையும் கொடுக்கிறது, கூடவே ஓர் எல்லையையும் போட்டுவிடுகிறது. நம்பிக்கை இல்லாதவர்களுக்கு அந்த எல்லையைத் தாண்டுவது எளிது. ஆனால் தாண்டியே தீருவார்கள் என்று சொல்ல முடியாது, அவர்களுக்கு நாள் குறித்துக் கொடுப்பாரும் இல்லை.

முதலில் ஆய்வுகளைப் பார்ப்போம். நம் பக்கத்தில் ஞாயிற்றுப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் அனைவருக்கும் இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதை தெரியும். அடிபட்டுச் சாலையோரம் கிடந்தவனை ஆசாரியனும், கோயில் ஊழியனான லேவியனும் பார்த்துவிட்டு விலகிப் போக, அந்நியனான சமாரியன் காயங்களைக் கட்டிக் காப்பாற்றுவான். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை வைத்து டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் நடத்தி 1973-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கதையையே களமாகக் கொண்டது. மாணவர்களில் ஒரு பகுதியினர் இதே சமாரியன் கதையைப் பற்றிப் பக்கத்துக் கட்டடத்தில் பேச வேண்டும். மற்றவர்களுக்கு வேறொரு தலைப்பு. போகும் வழியில் ஒருவர் வாசற்படியில் சுருண்டு கிடந்து இருமி முனகுவார். பேசப் போகும் பொருள் சமாரியன் கதைதான் என்பது, நின்று உதவுவதில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் ஏற்படுத்தவில்லை. மாணவரின் மதப்பற்று எத்தகையது என்பதும் அவர் நிற்பாரா மாட்டாரா என்பதைக் காட்டிக் கொடுக்கவில்லை. காட்டிக் கொடுத்தது அவசரம் ஒன்றுதான். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் நூற்றுக்கு 63 பேர் நின்று உதவினார்கள். சரியான நேரத்துக்குப் போக வேண்டியவர்களில் 45 பேர். தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்று விரட்டப்பட்டவர்களில் வெறும் 10 பேர். சமாரியனைப் பற்றிப் பேசுவதற்கு விரைந்தவர்களிலேயே சிலர் கிடந்தவரைத் தாண்டிக் கால் வைத்துப் போனார்கள்.

இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையெங்கும் வெள்ளம் புரண்டபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. அவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்கள் பக்கத்து ஊர் மக்கள். அவர்களும் நாலாபுறமும் தண்ணீர் சூழ்ந்து கிடந்தவர்கள்தாம். அந்த மக்களின் பக்தி டிசம்பர் 16-ஆம் தேதி இருந்ததைவிட 18-ஆம் தேதி கூடியிருக்கப் போவதில்லை. எல்லா அவசரமும் தண்ணீரில் நின்றுபோய், பசித்தவர் முகம் கூப்பிடு தூரத்தில் தெரிந்தது. நேரமும் அருகாமையும் செய்கிற வேலையை நாம் பல சமயம் நம்பிக்கையின் கணக்கிலோ பகுத்தறிவின் கணக்கிலோ எழுதிவிடுகிறோம்.

உங்கள் கணவர் ஒருவேளை படித்திருக்கக்கூடிய ஆய்வு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மதப்பற்றுள்ள வீட்டுப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிடப் பகிர்ந்துகொள்ளும் குணம் குறைந்தவர்கள் என்று 2015-இல் ஓர் ஆய்வு வந்து உலகமெங்கும் செய்தியானது. ஆறு நாடுகளில் 1,170 பிள்ளைகளிடம் படம் ஒட்டும் ஸ்டிக்கர்களைக் கொடுத்து, பிற பிள்ளைகளுக்கு எத்தனை விட்டுக் கொடுக்கிறார்கள் என்று எண்ணிய ஆய்வு அது. பிறகு வேறோர் ஆய்வாளர் அந்தத் தரவுகளை வாங்கி மறுபடி கணக்கிட்டபோது, நாடுகளுக்கு அடையாளத்துக்காகக் கொடுத்திருந்த 1, 2, 3 என்ற எண்கள் உண்மையான அளவுகளைப் போலவே கணக்கில் சேர்ந்திருந்தது தெரியவந்தது. திருத்திப் பார்த்தால் வேறுபாட்டின் பெரும்பகுதி நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாடாகவே இருந்தது. 2019-இல் ஆய்வாளர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். முதலில் வந்த செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த இரண்டாவது செய்தி போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தவறான கணக்கை வைத்து ஒரு வீட்டுப் பிள்ளையையோ அதன் பாட்டியையோ யாரும் மதிப்பிட்டுவிடக் கூடாது.

"நீங்கள் பிறருக்கு உதவுகிறவரா?" என்று கேட்டால் மதப்பற்றுள்ளவர்கள் ஆம் என்று கூடுதலாகச் சொல்கிறார்கள், யாரும் கேட்காமல் அவர்களுடைய செயலை அளந்து பார்த்தால் அந்த வேறுபாடு வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு. மனம் இளகியதற்கும் கை நீண்டதற்கும் உள்ள தொடர்பு, மதப்பற்று குறைந்தவர்களிடம் வலுவாகவும் மிகுந்தவர்களிடம் மெலிந்தும் இருந்ததாக அவர்கள் கண்டார்கள். இதை "நாத்திகரே வள்ளல்கள்" என்று திரித்துவிடுவது எளிது. ஆய்வு சொன்னது அதுவல்ல. நம்பிக்கை இல்லாதவர் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவருடைய இளகிய மனம் முடிவு செய்கிறது. நம்பிக்கை உள்ளவர் மனம் இளகினாலும் இளகாவிட்டாலும் கொடுத்துவிடக்கூடும், ஏனென்றால் அவரைக் கொடுக்க வைப்பது கடமை, வழக்கம், சமூகம் என்று வேறு வேறாக இருக்கலாம். வார்டில் இதை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

டவுனில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள், மகன் டெங்குக் காய்ச்சலிலிருந்து பிழைத்து எழுந்தால் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், ஆளில்லாத நோயாளிகளுக்குக் கஞ்சி கொண்டுவருவதாக நேர்ந்துகொண்டார். காலை ஏழரை மணிக்குத் தூக்குச்சட்டியோடு வருவார், வரிசையாக ஊற்றுவார், ஒவ்வொரு குவளைக்கும் ஒரு கரண்டித் தேங்காய்த் துவையல் வைப்பார், கடையைத் திறக்க ஓடிவிடுவார். முதல் பத்து நாட்களில் அவர் எந்தக் கட்டிலில் யார் கிடக்கிறார் என்று நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் ஊற்றிய கஞ்சி சூடாகவும் வயிறு நிறையவும் இருந்தது. ஜன்னல் ஓரத்தில் இடுப்பு எலும்பு முறிந்து கிடந்த ஒரு பெரியவர் துவையலை மட்டும் தினமும் அப்படியே வைத்துவிடுவார். பதினோராவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, ஒதுக்கி வைத்திருந்த துவையலை அம்மாள் கவனித்தார். பெரியவரின் வாயைப் பார்த்தார். ஒரு பல்கூட இல்லை. மறுநாள் அவருக்கென்று தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் பருப்பை மையாக அரைத்துக் கொண்டுவந்தார். 48 நாள் முடிந்த பிறகும் அவர் வருவது நிற்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "நேர்ச்சை முடிஞ்சிட்டு டீச்சர். ஆனா அந்தப் பெரியவுக வாசலையே பாத்துக்கிட்டுக் கெடப்பாவல்லா" என்றார்.

அவரை வார்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டது சாமிதான். நேர்த்திக்கடன் இல்லையென்றால் அந்த வாசலை அவர் ஒருநாளும் மிதித்திருக்க மாட்டார். ஆனால் பருப்பை மையாக அரைக்க வைத்தது நேர்த்திக்கடன் இல்லை.

அதே வார்டுக்கு வரும் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் உண்டு. வண்டிக்குள் பெரியார் படம் ஒட்டியிருக்கும். நள்ளிரவில் விபத்தில் அடிபட்டுக் கிடந்த ஒரு பெண்ணை, மற்ற வண்டிகள் எல்லாம் ஒதுங்கிப் போன சாலையிலிருந்து தூக்கிவந்து சேர்த்து, இரத்தமும் கொடுத்து, விடியும்வரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர். ஊர், சாதி, மதம் எதையும் அவர் விசாரித்ததில்லை. அவ்வளவு செய்தவரை அடுத்து ஐந்தாறு வாரங்களுக்கு வார்டுப் பக்கமே பார்க்க முடியாது. "கண்ணால பாத்துட்டா விட்டுட்டுப் போவ முடியாது டீச்சர், பாக்காதவரைக்கும் ஞாபகமே வர மாட்டேங்கு" என்று அவரே ஒருமுறை ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். இந்த இரண்டு பேரை வைத்து உலகத்தையே அளந்துவிட முடியாது. இதற்கு நேர்மாறானவர்களும் அதே வார்டில் உண்டு. ஆனால் ஆய்வு எண்களால் சொன்னது நடமாடினால் எப்படி இருக்கும் என்பதை அவர்களிடம் கண்டேன்.

நம்பிக்கை இரக்கத்துக்குப் பாத்திரம் செய்து கொடுக்கும் என்றேன். நம் சீமையின் பழைய சாலைகளில் இன்னும் சில சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன. நட்டுவைத்த இரண்டு கற்களின் மேல் தோள் உயரத்துக்கு ஒரு குறுக்குக் கல். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர் யாருடைய துணையும் இல்லாமல் சுமையை அதில் தள்ளி வைத்து, இளைப்பாறி, மறுபடியும் தானாகவே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை வீட்டார் நடுவார்கள். இறக்கி வைக்க முடியாமல் போன அவள் சுமை, வழிப்போக்கர் சுமை இறங்கும்போதெல்லாம் இறங்கும் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கையை என் அறிவு ஏற்கவில்லை. ஆனால் ஒரு வீட்டின் துயரத்தை ஊருக்கே பயன்படும் கல்லாக மாற்றும் வழியை வேறு எதுவும் அந்தக் காலத்து எளிய குடும்பத்துக்குக் கற்றுக் கொடுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பாளையங்கோட்டையில் ஆன் ஜேன் ஆஸ்க்வித் 1890-இல் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கியதும், அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல் களக்காட்டுக்கு அருகே டோனாவூரில் 1901 முதல் கோயிலுக்குப் பொட்டுக்கட்ட, அதாவது தேவதாசியாக நேர்ந்துவிட, இருந்த பெண் குழந்தைகளுக்கு அடைக்கலம் கொடுத்து, 1951-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்ததும் நம்பிக்கையின் பெயரால்தான். மதமாற்றத்தைப் பற்றிய விமர்சனங்கள் இருக்கலாம். அவை தனியே பேச வேண்டியவை.

எல்லை என்றேன் அல்லவா? சுமைதாங்கிக் கல் யார் என்று கேட்காது. அதே சாலையில், அதே தருமத்தின் பெயரால் வைத்த தண்ணீர்ப் பந்தல்களில் ஒரு காலத்தில் சிலருக்குக் குவளையிலும் சிலருக்கு எட்ட நின்று உள்ளங்கையிலும் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரே சாமியைக் கும்பிடுகிற ஊரில் இரண்டு சுடுகாடு உண்டு. ஒரே அப்பத்தைப் பிட்டுப் பகிர்கிற சபையில் இரண்டு கல்லறைத் தோட்டம் உண்டு. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தாழ்த்தப்பட்ட சமூகத்து மாணவன் ஒருவனை உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-இல் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. காப்புக் கயிறு என்பது தீங்கு அணுகாமல் காக்கும் என்று சாமியை வேண்டிக் கட்டுவது. அது சாதியின் நிறத்தைக் காட்டும் அடையாளமாக ஆகிப்போனதை நம்பிக்கை உள்ளவர்கள்தாம் முதலில் தட்டிக் கேட்டிருக்க வேண்டும்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோய் இல்லை. மக்கள் எந்த அளவுக்கு ஈகை செய்கிறார்கள் என்று நாடுகளை வரிசைப்படுத்தும் உலகக் கொடைக் குறியீட்டில் 2014 முதல் 2017 வரை மியான்மர் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது. அந்நாட்டு பௌத்தர்கள் பிக்குகளுக்கு அன்றாடம் அன்னம் இடுவதை நோன்பாகக் கொண்டவர்கள். அதே நாட்டிலிருந்துதான் 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் உயிருக்குப் பயந்து வங்கதேசத்துக்கு ஓடினார்கள். கொடை பெருகியிருந்த மண்ணிலேயே ஒரு பகுதி மக்கள் "நம்மவர்" என்ற வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள்.

மதத்தை விட்டுவிட்டால் வட்டம் தானாக அழிந்துவிடுமா? உங்கள் கணவரிடம் நான் மரியாதையோடு வாதாட விரும்புவது இந்த இடத்தில்தான். அழித்தவர்கள் உண்டு. பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துச் சுயமரியாதை இயக்கத்தின் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்; ஏமி கார்மைக்கேல் ஜெபத்தோடு எதிர்த்த அதே கொடுமையை அவர் சாத்திரத்தையே மறுத்து எதிர்த்தார். சென்னை மாகாணத்தில் 1947-இல் அதற்குத் தடைச் சட்டம் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் நல்லகண்ணு, எண்பதாவது பிறந்தநாளில் கட்சி திரட்டிக் கொடுத்த ஒரு கோடி ரூபாயைக் கட்சிக்கே திருப்பிக் கொடுத்தவர். தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு எதிராக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் 2010-இல் தாமே வாதாடித் தடை வாங்கியவர். இவர்களை உந்தியது மறுமைக் கணக்கு இல்லை. ஆனால் சாமியை விட்டுவிட்டுச் சாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர்களையும் நம் ஊர்த் திருமண மண்டபங்களில் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை மதத்தையே ஒழித்த ஆட்சி, தன் சொந்த மக்களைத்தான் லட்சக்கணக்கில் கொன்றது. கடவுளை எடுத்துவிட்ட இடத்தில் "நம்மவர், பிறர்" என்ற பாகுபாடு அப்படியே உட்கார்ந்திருக்க முடியும்.

இப்போது உங்கள் மாமியாரின் சொல்லுக்கு வருகிறேன்: சாமி பயம். 2007-இல் ஷரீஃப், நோரன்சயான் என்ற இருவர், கடவுள் தொடர்பான சொற்களை முன்கூட்டியே மனத்தில் பதியவைத்தால், முகம் தெரியாத ஒருவருக்குத் தம் பத்து டாலரில் பங்கு கொடுப்பவர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்று காட்டினார்கள். நீதிமன்றம், காவல், ஒப்பந்தம் போன்ற சொற்களும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்தன. பின்னர் மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது கடவுள் சொற்களின் விளைவு உறுதியாகக் கிடைக்கவில்லை. யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணம் கையைத் திறக்க வைக்கலாம். அப்படித் திறந்த கையை இரக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதைச் சொல்ல மேல்நாட்டு ஆய்வே வேண்டியதில்லை. நம் பொதிய மலைக்குத் தலைவனாக இருந்த ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், இம்மையில் செய்தது மறுமைக்கு உதவும் என்று எண்ணிக் கொடுக்கும் "அறவிலை வணிகன்" இல்லை அவன் என்று புறநானூற்றின் 134-ஆம் பாட்டில் சொல்கிறார். சான்றோர் சென்ற வழி இது என்பதற்காகவே அவன் கொடுத்தானாம். அறத்தைக் கொடுத்து மறுமையை வாங்குவது வியாபாரம் என்று இந்த மலையடிவாரத்து வள்ளலைப் பற்றியே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் பாடிவிட்டார். சான்றோர் சென்ற வழி என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது: வழி என்பது முன்னே நடந்தவர்களைப் பார்த்துப் பழகுவது. பிள்ளைகள் இரக்கத்தைக் கற்பதும் அப்படித்தான்.

ஆகவே உங்கள் மகளைக் கோயிலுக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதை நீங்கள் மூவரும் உங்கள் மனச்சாட்சிப்படி முடிவு செய்துகொள்ளுங்கள். அதனால் அவளுடைய இரக்கம் கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை. வேறு இரண்டு காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கோயிலிலிருந்து கொண்டுவரும் சுண்டலையோ புளியோதரையையோ பேத்தியின் கையில் கொடுத்து, உங்கள் தெருவைப் பெருக்கும் அம்மாவிடம் அவளையே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்ல மாமியாரிடம் சொல்லுங்கள். கொடுக்குமுன் அந்த அம்மாவின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும், அவருக்கு அது பிடிக்குமா என்றும் கேட்கட்டும். கணவரிடம் மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டாவது சனிக்கிழமை என்றால் இரண்டாவது சனிக்கிழமைதான். அன்று மகளையும் அழைத்துக்கொண்டு முதியோர் இல்லத்துக்கோ, விரும்பினால் எங்கள் வார்டுக்கோ வரட்டும். மனம் இளகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், குறித்த நாள் வந்தால் புறப்பட்டுவிடட்டும். ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் இப்போது வேறொருவர் இருக்கிறார். அவருக்குத் துவையல் பிடிக்கும். நறுக்கென்று கடித்துத் தின்ன வெங்காயமும் கேட்பார்.